லீவரில் தொங்கிய சட்டை

எங்க மில்லுல கந்தலை அடிச்சுத் தூசி உதிர்க்கிற டிரம் ஒண்ணு இருக்கு. வெளியே மரம், உள்ளே சுத்தியும் இரும்புப் பல்லு, ஆள் நின்னா தலை இடிக்காத உயரம். ஊர் உலகத்துல எவனெவனோ போட்டுக் கிழிச்ச துணியெல்லாம் மூட்டை மூட்டையா எங்ககிட்டதான் வரும். கந்தல் ரூம்ல நாங்க பொம்பளைங்க உக்காந்து பொத்தானை வெட்டி, கொக்கியைப் பிடுங்கி, தையலைப் பிரிச்சுப் போடுவோம். அது டிரம்முக்குப் போய்த் தூசி உதிர்ந்து, தொட்டியில வெந்து, கடைசியில காகிதமா வெளியே வரும். அந்தக் காகிதத்துல யார் என்ன எழுதுறாங்களோ எனக்குத் தெரியாது. என் மூக்குக்குள்ளே அடைஞ்சு கிடக்கிற தூசிதான் எனக்குத் தெரியும்.

பிரிச்ச நூலெல்லாம் அந்தப் பல்லுல போய்ச் சுத்திக்கும். சுத்தி இறுகிட்டா டிரம் நொண்டும். அப்போ லீவரைத் தூக்கி டிரம்மை நிறுத்திட்டு, ஒருத்தன் பின்பக்கக் கதவு வழியா உள்ளே போய்க் கத்தியால சுரண்டி எடுக்கணும். முன்பக்கம் லீவர்கிட்ட நிக்கிறவன் கண்ணுக்கு அந்தக் கதவும் தெரியாது, உள்ளே இருக்கிற ஆளும் தெரியாது. அதனால எங்க மில்லுல ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போறவன் தன் சட்டையைக் கழட்டி லீவர் மேல மாட்டிட்டுத்தான் போகணும். சட்டை தொங்குச்சுன்னா டிரம்மை எவனும் தொடக்கூடாது. மேஸ்திரி ஆனாலும் சரி, மேனேஜரே வந்து குதிச்சாலும் சரி. யாரோட சட்டையோ அவனேதான் வந்து எடுக்கணும். இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கலை. எழுதி ஒட்டினதையெல்லாம் மீறுற பசங்க இதை மட்டும் மீறினதே இல்லை.

என் தம்பி இந்தச் சட்டை விஷயத்துலதான் பேர் வாங்கினான். நல்ல பேர் இல்லை. ஒரு நாள் உள்ளே சுரண்டி முடிச்சவன் பின்பக்கமா வெளியே வந்து, கை கால் கழுவிக்கிட்டு, வெறும் பனியனோட வீட்டுக்கு வந்து படுத்துட்டான். சட்டை லீவர்லயே தொங்குது. அடுத்த ஷிஃப்டுக்காரங்க வந்து பாத்தாங்க. உள்ளே எட்டிப் பாத்தா ஆள் இல்லை. ஆனாலும் ஒருத்தன் கை வைக்கணுமே! அந்தச் சட்டையைத் தொட எவனுக்கும் மனசு வரலை. சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டு உக்காந்துட்டானுங்க. கந்தல் ரூம் நின்னுச்சு, தொட்டி நின்னுச்சு, மேனேஜர் மாடியில இருந்து கத்துறாரு. ஆள் விட்டு எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. கன்னத்துல தலையணை மடிப்போட ஓடி வந்து சட்டையை எடுத்தான். மொத்த மில்லும் கை தட்டுச்சு. அன்னையில இருந்து அவன் பேரு "மறதி".

சின்ன வயசுல இருந்தே அவனுக்கு நாலு பேர் சிரிச்சாத் தாங்காது. மூஞ்சி செத்துப் போயிடும். அதுக்கப்புறம் சாப்பிட உக்காந்தவன் பாதியில எழுந்து, "அக்கா, நான் சட்டையை எடுத்துட்டேன்ல?"ன்னு கேப்பான். "உடம்புல என்னடா இருக்கு, பாரு"ன்னு நான் கத்துவேன். குனிஞ்சு பாத்துட்டு மறுபடியும் உக்காருவான். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைத்தான் நான் தூக்கி வளத்தேன். அம்மா போனப்போ அவன் என் இடுப்புல இருந்தான். எனக்குன்னு ஒரு வாழ்க்கையைப் பத்தி யோசிக்கிறதுக்குள்ளே தலை நரைச்சுப் போச்சு. அது வேற கதை, விடுங்க.

அவன்கூட அதே டிரம்முல வேலை பாத்தவனுக்குப் பேரு "சீட்டி". வாயைத் திறந்தா சீட்டிதான். நடக்கும்போது, சுரண்டும்போது, மேஸ்திரி திட்டும்போதுகூட. டிரம்முக்குள்ளே போயிட்டா இன்னும் ஜாஸ்தி. பெரிய பானைக்குள்ளே தலையை விட்டுப் பாடின மாதிரி அந்தச் சத்தம் சுத்திச் சுத்தி வரும். பக்கத்து மெஷினெல்லாம் தடதடன்னு ஓடும், அதையும் மீறி வரும். நடுவுல ஒரு சுவர்தான், எனக்கு நல்லாக் கேக்கும். கேக்கிறதுக்காகவே நான் அந்தச் சுவர் பக்கமா உக்காருவேன். ஆமா, எனக்கும் அவன்மேல ஒரு கண்ணு இருந்துச்சு. இந்த வயசுல என்ன கேடுன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டுப் பாத்தேன், பதில் வரலை. அவன் என்னை "அக்கா"ன்னு கூப்பிடுவான். வாய் நிறைய, பாசமா. அந்த ஒரு வார்த்தையால அவன் என்னை எத்தனை தடவை கொன்னான்னு அவனுக்கே தெரியாது.

என் தம்பி பொண்டாட்டியை அவன் "தங்கச்சி"ன்னு கூப்பிடுவான். தங்கச்சியாம், தங்கச்சி!

தம்பிதான் அவனை முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். மில்லுக்குப் பின்னாடி வரிசை வீட்டுல மாடியில எங்களுக்கு ரெண்டு ரூம். முன் ரூம்ல நான், உள் ரூம்ல தம்பியும் அவன் பொண்டாட்டியும். அடுப்படின்னு ஒரு மூலை, அதுக்குக் குறுக்கே துணி காயப் போட ஒரு கொடி. அந்த வீட்டுல சிரிப்புன்னு ஒண்ணு கேட்டதே சீட்டி படியேறி வந்தப்புறம்தான். தம்பி நல்லவன். ஆனா வேலை விட்டு வருவான், சாப்பிடுவான், சுவரைப் பாத்துப் படுப்பான். அவ சின்னப் பொண்ணு. குழந்தை குட்டியும் இல்லை. நாள் முழுக்க என் மூஞ்சியையும் அவன் முதுகையும் பாத்துக்கிட்டு எவ்வளவு நாள்தான் உக்காந்திருப்பா? இப்போ இப்படிப் பேசுறேன். அப்போ அப்படியா நினைச்சேன்! அவன் ஏதோ சொல்ல, அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. "சிரிச்சது போதும், அடுப்புல என்ன கருகுதுன்னு பாரு"ன்னு ஒரு அதட்டல் போடுவேன். அடுப்புல ஒண்ணும் கருகியிருக்காது.

ஆனா சத்தியமாச் சொல்றேன், விஷயம் அவ்வளவு தூரம் போயிருக்கும்னு நான் நினைக்கலை. சிரிப்போட நிக்கும்னு நினைச்சேன். பேராசைதான்.

அன்னைக்குக் காலையில தம்பியை மில்லு லாரியில அனுப்பினாங்க. டிரம்முக்குப் புதுப் பல்லு வாங்கிட்டு வரணும், வேற ஊர்ல பட்டறை. நாளைக்குத்தான் திரும்புவேன்னு சொல்லிட்டு, இருக்கிறதுல நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுக் கிளம்பினான். நான் காலை ஷிஃப்டுக்குப் போயிட்டேன். மத்தியானம் மழை கொட்டுச்சு. சீட்டி ரெண்டாவது ஷிஃப்டுக்கு வந்த நேரத்துல, மிச்ச மூட்டையை முடிக்க நான் இன்னும் கந்தலுக்குள்ளே குனிஞ்சு கிடந்தேன், அவனைப் பாக்கலை. டிரம் நொண்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல உள்ளே இருந்து சீட்டி வந்துச்சு. என் கை பாட்டுக்குப் பொத்தானை வெட்டுது, காது சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. அன்னைக்கு ரொம்பச் சந்தோஷமா அடிச்சான் பாவி.

சீட்டி பாதியில நின்னுச்சு. டிரம் ஓடுச்சு.

அதுக்கப்புறம் வந்த சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். கேக்காதீங்க.

நாங்க ஓடிப்போய்ப் பாத்தப்போ லீவர் பக்கத்துல என் தம்பி நிக்கிறான். நாளைக்கு வர வேண்டியவன். பல்லு தயாரா இருந்துச்சாம், லாரி அன்னைக்கே திரும்பிடுச்சாம். இறங்கினதும் நேரா டிரம்முக்கு வந்திருக்கான். உடம்புல நல்ல சட்டை, தோள்ல அவனோட பழைய வேலைச் சட்டை. மூஞ்சியில ரத்தமே இல்லை. மேஸ்திரி அவன் கழுத்தைப் பிடிச்சு உலுக்குறாரு. "அவன் சட்டையை மாட்டிட்டு உள்ளே போனதைத் தூரத்துல இருந்து நான் கண்ணால பாத்தேன்டா! லீவர்ல சட்டை தொங்குச்சு! அதை என்னடா பண்ணே? எங்கேடா ஒளிச்சு வச்சே?"

தம்பி திரும்பினான். என்னைப் பாத்தான். "அக்கா"ன்னு உதடு மட்டும் அசைஞ்சுச்சு.

மில்லு முழுக்கத் தேடினாங்க. மெஷினுக்கு அடியில, கந்தல் மூட்டைக்குள்ளே, வேகுற தொட்டியில கம்பு விட்டுக் கூடப் பாத்தாங்க. சீட்டியோட சட்டை கிடைக்கலை. தம்பி தோள்ல இருந்ததை யாரும் ஏறெடுத்துப் பாக்கலை. அது மறதியோட சட்டைன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே. அவன் தோள்ல அவன் சட்டை இருந்தா அதுல என்ன அதிசயம்? அவனைக் கூட்டிட்டுப்போய் வாசல் காவல் ரூம்ல பூட்டி வச்சாங்க. மறுநாள் ஆபீசர் வந்து விசாரிப்பாரு, அதுக்கப்புறம் போலீஸ்னு பேசிக்கிட்டாங்க.

நான் வீட்டுக்கு வந்தேன். அவ அடுப்படி மூலையில தரையில உக்காந்திருந்தா. சேதி அவளுக்கு முன்னாடியே வந்திருந்துச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவ தலைக்கு மேல கொடியில ஒரு சட்டை தொங்குது. கட்டம் போட்டது. கைப்பக்கம் சிகரெட் சுட்ட ஓட்டை. கீழே இன்னும் சொட்டுச் சொட்டாத் தண்ணி வடியுது.

கந்தல்ல கிடக்கிற துணியைப் பாத்தே அது யார் உடம்புல எப்படித் தேஞ்சதுன்னு சொல்ற வேலை எனக்கு. இதுக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டியிருக்கலை. இந்தச் சட்டையை நான் எத்தனை நாள் திருட்டுத்தனமாப் பாத்திருக்கேன்!

ஓங்கி ஒரு அறை விட்டேன். அவ கன்னத்தைக்கூடத் தடவலை.

"மழையில தொப்பலா நனைஞ்சு வந்தாரு" அப்படின்னா. யாருக்கோ நடந்ததைச் சொல்ற மாதிரி ஒரு குரல். "போகும்போதும் காயலை. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, ஈரத்தோட எப்படிப் போறதுன்னு கேட்டாரு. கொடியில உங்க தம்பி சட்டை மூணு இருந்துச்சு. அதுலயே பழசு எதுவோ அதை எடுத்துக் குடுத்தேன். ஒரு நாள் காணோம்னா தேட மாட்டாருன்னு நினைச்சேன்."

பழசு! அது அவனோட வேலைச் சட்டை. லீவர்ல மாட்டுறதுக்குன்னே வச்சிருந்தது. மத்த ரெண்டுல எதையாவது குடுத்திருந்தா தம்பி அதைப் பாத்துட்டு, 'எவனோ உள்ளே இருக்கான்'னு ஒதுங்கி நின்னிருப்பான். அதையெல்லாம் அவன் மில்லுக்குப் போட்டுட்டுப் போனதே இல்லை, மறந்துட்டோம்னு நினைக்க வழியே இல்லை. ஆனா லீவர் மேல அந்தப் பழசு தொங்குறதைப் பாத்தா அவன் என்ன நினைப்பான்? டிரம் நிக்குது. யாரும் பக்கத்துல இல்லை. தன் சட்டை தொங்குது. 'ஐயோ, நேத்து மறுபடியும் மறந்துட்டேன், காலையில இருந்து எனக்காக டிரம் நிக்குது, சிரிக்கப் போறானுங்க'ன்னுதானே நினைப்பான்? ஓடிப்போய் எடுப்பான், டக்குன்னு லீவரை இறக்குவான். தன் சட்டையை எடுக்கிறவன் உள்ளே யார் இருக்கான்னு பாக்க மாட்டான். உள்ளே இருக்க வேண்டியவன்தான் வெளியே நிக்கிறானே!

சீட்டிக்கும் இது தோணியிருக்கணும். தோணியிருக்கும். 'அவன்தான் ஊர்ல இல்லையே'ன்னு மாட்டியிருப்பான்.

நான் கொடியில இருந்து அந்தச் சட்டையை உருவி அடுப்புக்குக் கொண்டு போனேன். அவ என் மணிக்கட்டைப் பிடிச்சா. அப்படி ஒரு பிடியை நான் அவகிட்ட எதிர்பாக்கலை.

"விடுடி! இது வெளியே தெரிஞ்சா அவன் கதை முடிஞ்சது. பொண்டாட்டியோட தொடர்பு இருந்தவனைக் கொன்னுட்டான்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. எரிச்சுடு. சட்டை கிடைக்கலைன்னா கவனமில்லாம செஞ்சதாப் போகும்."

"கிடைக்கலைன்னாத்தான்கா அவர் ஒளிச்சு வச்சாருன்னு ஆகும்" அப்படின்னா. "அடுத்தவன் சட்டையை எடுத்து ஒளிச்சுட்டு மெஷினை ஓட்டினவனை எந்தக் கோர்ட்டு விடும்? இது இருந்தாத்தான் அவர் எடுத்தது தன் சட்டைன்னு தெரியும். அவர் மேல தப்பில்லை. தப்பு என் மேல. நான்தான் சொல்லணும்."

"சொன்னா இந்த ஊர்ல ஒரு நாள் தலை நிமிந்து நடக்க முடியுமா உன்னால?"

"இப்போ மட்டும் நிமிந்தா இருக்கேன்?"

எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது. அந்த நிமிஷம் வரைக்கும். சட்டையை அவ கையில குடுத்துட்டு முன் ரூமுக்கு வந்து உக்காந்தேன். ஒரே ஒரு விஷயத்தை நான் அவகிட்ட சொல்லலை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே சீட்டி கேட்டுச்சு. சுவர் இல்லாத பக்கம் நின்னவனுக்கு?

நான் காது குடுத்துக்கிட்டு இருந்தேன், அதனால கேட்டுச்சு. அவன் மானம் போற அவசரத்துல இருந்தான், அதனால கேட்டிருக்காது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். விடிய விடிய அதையேதான் சொல்லிக்கிட்டேன்.

விசாரணை மேனேஜர் ரூம்ல நடந்துச்சு. வெளியே இருந்து வந்த ஆபீசர் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு மாட்டிக்கிட்டு இருந்தாரு. வாசல்ல மொத்த மில்லும் எட்டிப் பாக்குது. தம்பி நடுவுல ஸ்டூல்ல உக்காந்திருந்தான். என்ன கேட்டாலும் "நான்தான் ஓட்டினேன்"ங்கிறான். சட்டை எங்கேன்னா வாயே திறக்கலை. அவன் யாரைக் காப்பாத்துறான்னு எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

அவ கூட்டத்தை விலக்கிக்கிட்டு உள்ளே வந்தா. பொட்டலத்தைப் பிரிச்சுக் கட்டம் போட்ட சட்டையை மேசை மேல வச்சா. "இதுதான் அவரோட சட்டை. நேத்து மத்தியானம் எங்க வீட்டுல கழட்டினாரு. போகும்போது என் வீட்டுக்காரர் சட்டையை நான் குடுத்து அனுப்பினேன். லீவர்ல தொங்கினது அதுதான்."

ஆபீசர் மேசையைப் பாத்துக்கிட்டே கேட்டாரு, "அவர் உங்க வீட்டுல ஏன் சட்டையைக் கழட்டணும்?"

"நான் கூப்பிட்டேன், வந்தாரு" அப்படின்னா. "மழை பெய்யலைன்னாலும் கழட்டித்தான் இருப்பாரு."

வாசல்ல ஒருத்தி "தூ"ன்னு துப்பினா. பின்னாடி எவனோ ஒருத்தன், "அட, மறதி தன் சட்டைன்னு நினைச்சு எடுத்திருக்கான்டா!"ன்னான். அவ்வளவுதான். ஒருத்தன் பழைய கதையைச் சொல்ல, இன்னொருத்தன் தலையணை மடிப்பைச் சொல்ல, ஆபீசரே வாய்க்கு மேல கை வச்சு மறைச்சுக்கிட்டாரு. என் தம்பியை எந்தச் சிரிப்பு வாழ்நாள் முழுக்கச் சாகடிச்சுதோ அதே சிரிப்புதான் அன்னைக்கு அவனைக் காப்பாத்துச்சு. செத்தவனோட ரத்தம் மரத்துல காயக்கூட இல்லை, இவனுங்க சிரிக்கிறானுங்க.

"முந்தின நாள் மறந்துட்டுப் போயிட்டோம்னு நினைச்சுத்தான் எடுத்தியா?"ன்னு ஆபீசர் கேட்டாரு.

தம்பி அவளை ஒரு தடவை பாத்தான். "மறந்துட்டேன்னு நினைச்சுத்தான் எடுத்தேன்" அப்படின்னான்.

அப்புறம் ஆபீசர் என் பக்கம் திரும்பினாரு. "நீங்க பக்கத்து ரூம்ல இருந்தீங்க. உள்ளே ஆள் இருக்கிற சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"கந்தல் ரூம்ல எங்க இருமல் சத்தத்தைத் தவிர வேற ஒரு எழவும் கேக்காதுங்க" அப்படின்னேன். பொய் சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. தூக்கி வளத்தவ நான்.

விட்டுட்டாங்க. மூணு பேரும் வீட்டுக்கு நடந்தோம். ரெண்டு பக்கமும் ஜன்னல் ஜன்னலாத் தலைங்க. அவ நடுவுல நேராப் பாத்துக்கிட்டே நடந்தா. கீழ் வீட்டுக்காரி தன் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினா. வீட்டுக்குள்ளே வந்ததும் அவ அடுப்பைப் பத்த வச்சுத் தேத்தண்ணி போட்டா. எனக்கு ஒரு டம்ளர், அவனுக்கு ஒரு டம்ளர். தனக்கு எடுத்துக்கலை. எந்நேரமும் அவன் தன்னை வெளியே போகச் சொல்லலாம்னு காத்துக்கிட்டு நிக்கிறவ மாதிரி கதவோரமா நின்னா.

அவன் குடிக்கலை. டம்ளரைக் கீழே வச்சான்.

"எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்"னான்.

"சொல்லாம விட்டிருந்தா உங்களை…"

"சட்டையை எடுக்கும்போது என்னோடதுன்னுதான் எடுத்தேன். அது நிஜம். தோள்ல போட்டேன். அது வெதுவெதுன்னு இருந்துச்சு. நேத்து மறந்து போட்ட சட்டை எப்படி வெதுவெதுன்னு இருக்கும்? அவன் தலைக்குத் தடவுற எண்ணெய் வாசனை அடிச்சுது. எனக்குப் புரிஞ்சு போச்சு. எந்தச் சட்டை எங்கே இருந்து வந்துச்சுன்னு எல்லாமே ஒரு நொடியில புரிஞ்சு போச்சு."

அவ அசையலை. எனக்கு எழுந்து அவன் வாயைப் பொத்தணும் போல இருந்துச்சு. உடம்பு வரலை.

"அப்போ உள்ளே இருந்து சீட்டி வந்துச்சு" அப்படின்னான்.

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. என் கை லீவர் மேல இருந்துச்சு. கை முன்னாடி போச்சா, காது முன்னாடி கேட்டுச்சான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். தெரியலை. கேட்டப்புறம்தான் இறக்கினேனோ என்னவோ. மறதின்னு பேர் வச்சானுங்களே, அது ஒண்ணுதான் எனக்கு மறந்து போச்சு."

கீழே யாரோ வாளியில தண்ணி பிடிக்கிற சத்தம் மட்டும் வந்துச்சு.

"இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க?" அப்படின்னா அவ. அறை வாங்கினப்போ அழாதவ, மொத்த ஊரும் துப்பினப்போ அழாதவ, அப்போதான் அழுதா. "உங்க மேல தப்பில்லைன்னு நம்பித்தானே நான் அங்கே போய் நின்னேன். அந்த ஒண்ணாவது எனக்கு மிச்சம் இருந்திருக்கும்ல!"

"வேற யார்கிட்ட சொல்றது?"ன்னு கேட்டான். நிஜமாவே பதில் தெரியாமத்தான் கேட்டான்.

அவ எங்கேயும் போகலை. போறதுக்கு இடமும் இல்லை. உள் ரூம்ல ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பாத்துப் படுக்கிறாங்க. அவங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும். எனக்கு அழக்கூட உரிமை இல்லை. சீட்டிக்காக அழுதா யார் என்னன்னு நினைப்பாங்க? தூசி பட்டுக் கண் கலங்குதுன்னு கந்தல் ரூம்ல உக்காந்து அழுதுக்கிறேன். அங்கே எல்லார் கண்ணும் எப்பவும் கலங்கித்தான் இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க.

அவனை மறுபடியும் அதே டிரம்முல போட்டாங்க. புதுப் பல்லு மாட்டியாச்சு, கழுவி விட்டாச்சு, கந்தல் வந்துக்கிட்டே இருக்கு. இப்போ அவன் ஒரு ஆள்தான். இன்னைக்குக் காலையில டிரம் நொண்டுச்சு. லீவரைத் தூக்கி நிறுத்தினான். கத்தியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனான். வேலை பாத்துக்கிட்டு இருந்த ஒருத்தன் திரும்பிப் பாத்துட்டு எங்க ரூமுக்கு ஓடி வந்தான். "அக்கா, மறதி சட்டையைக் கழட்டாமலே உள்ளே போயிட்டான். சட்டை எங்கேடான்னு கேட்டேன், காதுல வாங்காத மாதிரி போறான்."

நான் கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடினேன். லீவர் வெறுமனே இருக்கு. மேஸ்திரி சாப்பிடப் போயிருக்காரு. போற வர்றவன் எவனாவது, 'டிரம் ஏன் சும்மா நிக்குது'ன்னு ஒரு தட்டுத் தட்டினாப் போதும். அவனுக்கும் அதுதான் வேணும். எனக்குத் தெரியாதா? இடுப்புல வச்சு வளத்தவளுக்குத் தெரியாதா?

"டேய், வெளியே வாடா"ன்னு கத்தினேன். பதில் இல்லை. "சட்டையையாவது கழட்டிக் குடுடா, நான் மாட்டிக்கிறேன்"னு கெஞ்சினேன். அதுக்கும் பதில் இல்லை. நான் பொம்பளை, கழட்டி மாட்டுறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? லீவருக்குக் கீழே என் ரெண்டு கையையும் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

உள்ளே இருந்து சீட்டி வரலை, பேச்சு வரலை. கத்தியால பல்லைச் சுரண்டுற சத்தம் மட்டும் வருது. ரொம்ப மெதுவாச் சுரண்டுறான், வேலை முடிஞ்சுடக் கூடாதுன்னு சுரண்டுற மாதிரி. நாளைக்கும் நூல் சுத்தும். நாளைக்கும் அவன் சட்டையோடதான் உள்ளே போவான். என் கை வலிக்க ஆரம்பிச்சிருச்சு.